வெள்ளைக்கோட்டு டயர்கள்

போர்ட் பிளேருக்குப் பக்கத்தில், எங்கள் வண்டூரில் சாலை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இருந்தது. மழைக்காலத்தில் மட்டும் அதைத் தேட வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் மரக் காண்டிராக்டர் பக்தவத்சலம் ஒரு பழைய லேண்ட்மாஸ்டர் கார் வைத்திருந்தார். கப்பலிலிருந்து கிரேன் அதை இறக்கிய அன்று, காரோடு தானும் வானத்திலிருந்து இறங்கியதாகவே அவர் நினைத்துக்கொண்டார் என்பது என் அனுமானம்.

அவருடைய சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா இருக்கும். கூடவே டயரில் காற்று அளக்கும் பித்தளைக் குழாய் ஒன்று, பேனாவைப் போலவே கிளிப் வைத்தது. புதிதாகக் குடியேறியவர்கள் அதைப் பார்த்து அவரை எஞ்சினியர் என்று நினைத்து ஒதுங்கி நிற்பார்கள். அவரும் திருத்த மாட்டார். அந்தக் குழாயால் அவர் எதையும் அளந்து நான் பார்த்ததில்லை. காற்றைக் கட்டைவிரலால் அழுத்தித்தான் தீர்மானிப்பார். விரல் வலித்தால் காற்று போதும்.

டயர்கள் வழுக்கையாகிவிட்டபோது மதராஸுக்கு ஆர்டர் போடுவதற்கு முன் டீக்கடையில் ஒரு மாநாடே நடந்தது.

"ஜீப்புக்குப் போடுறாப்ல ஆழமா வெட்டுன டயர் சொல்லுங்க, சாப். நம்ம சேத்துக்கு அதான் பக்கா," என்றான் டிரைவர் தங்கையா.

"நான் என்ன மரமா இழுக்கப் போறேன்? பெரிய சாகிப் கார்ல பாத்தியா, டயரைச் சுத்தி வெள்ளைக் கோடு. அதான் வேணும்."

"வெள்ளைக் கோடு நம்ம ரோட்டுல எத்தன நிமிஷம் வெள்ளையா இருக்கும், சாப்?"

"உனக்கு ரசனை கிடையாதுடா," என்று முடித்துவிட்டார்.

அளவு மட்டும் சரியாக எழுதிப் போனது. அதை எழுதியது அவர் மனைவி மங்கையர்க்கரசி. கப்பல் வராத நாட்களில் வண்டூரில் படிக்க ஒன்றும் கிடைக்காது. வாரப் பத்திரிகைகளை விளம்பரம் வரை தீர்த்துவிட்டு, அந்த அம்மாள் காரோடு வந்த புத்தகத்தையும் எடுத்துப் படித்திருந்தார். கதையில் விறுவிறுப்பு இல்லை, ஆனால் முடிவு நன்றாக இருக்கிறது என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

நான்கு டயர்களும் கப்பலில் வந்து சேர்ந்தன. நேராகக் காருக்குப் போகவில்லை, கூடத்துக்குப் போயின. இதில் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. மெயின்லேண்டிலிருந்து வந்த எதையும் வந்த உடனே உபயோகிப்பது எங்கள் தீவில் ஊதாரித்தனம். புதுக் குடை பெட்டியில் இருக்கும், ஆள் நனைந்துகொண்டு போவான். எங்கள் வீட்டிலேயே ஒரு வாசனை சோப்பு, வாசனை போகும்வரை பத்திரமாக இருந்தது. பக்தவத்சலம் டயர்களுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, மேலே ஒரு பழைய பட்டுப் புடவையைப் போர்த்தியிருந்தார். குடியரசு தினத்துக்குப் பெரிய சாகிப், அதாவது தீவுகளின் சீஃப் கமிஷனர், கொடியேற்ற வருவார், அன்றைக்குத்தான் மாட்டுவது என்று சங்கல்பம். அதுவரை வழுக்கை டயர்களுக்குக் கல் மாதிரி காற்றடித்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

அந்த ஆண்டு, அறுபத்தாறில், என் தங்கை இந்திராணிக்கு மதராஸில் நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. அப்பா அம்மா போனபின் நான்தான் அவளுக்கு எல்லாம். வண்டூர் பள்ளிக்கூட வாத்தியார் சம்பளத்தில் "எல்லாம்" என்பது கொஞ்சம்தான். குறிப்பிட்ட தேதிக்குள் சேராவிட்டால் இடம் வேறு பெண்ணுக்குப் போய்விடும். அந்தத் தேதிக்குள் ஒரே ஒரு கப்பல்தான் இருந்தது. அது மாலையில் போர்ட் பிளேரின் சாத்தம் ஜெட்டியிலிருந்து கிளம்பும்.

கிளம்புகிற அன்று காலையிலிருந்து மழை. வர வேண்டிய பஸ் பாதி வழியில் சேற்றில் உட்கார்ந்துவிட்டதாகச் செய்தி மட்டும் வந்தது. இந்திராணி டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து என்னைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால்கூடத் தேவலை.

பக்தவத்சலம் குடை பிடித்துக்கொண்டு வந்தார். பழைய குடைதான்.

"நான் இருக்கும்போது என்ன தம்பி கவலை? என் காரு எதுக்கு இருக்கு? ஒரு காலத்துல நான் கொட்டுற மழையில..." என்று பிரசங்கத்தை ஆரம்பித்தார். அது முடிவதற்குள் பெட்டியை ஏற்றினேன்.

அவர் வீட்டைத் தாண்டினால் உடனே ஒரு ஏற்றம், செம்மண். கார் பாதி ஏறியது. பின் சக்கரங்கள் இருந்த இடத்திலேயே சுற்றின. பிறகு கார் மிக மரியாதையாகப் பின்வாங்கி, அவர் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது. மறுபடி ஏறியது, மறுபடி வந்தது. மூன்றாம் தடவை பக்கத்துப் பாக்கு மரத்தை உரசிக்கொண்டு வந்தது.

மங்கையர்க்கரசி வாசலுக்கு வந்தார். "ஏங்க, உள்ள நாலு டயரு விருந்தாளி மாதிரி, காபி மட்டும் குடிக்காம, சும்மா உக்காந்திருக்கே, அதுல ரெண்ட எடுத்து மாட்டுனா என்ன?"

பக்தவத்சலம் காரைப் பார்த்தார், கூடத்தைப் பார்த்தார். பிறகு பின் சீட்டில் பெட்டியைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்த இந்திராணியைப் பார்த்தார். அவருக்குள் குடியரசு தினம் ஒன்று ரத்தாவது வெளியே தெரிந்தது.

"தங்கையா, சக்கரத்தக் கழட்டுடா. ஜல்தி."

புடவையை அவரே விலக்கினார். ஆனால் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுமா? "முன்னாடி மாட்டு," என்றார்.

"பின்னாடி சக்கரந்தான சாப் தள்ளுது."

"முன்னாடிதானடா எல்லாரும் பாப்பாங்க."

"காரப் பாக்க இங்க யாரும் டிக்கெட் வாங்கல," என்றார் அந்த அம்மாள். "பின்னாடி."

பழைய டயர் விளிம்பை விட்டு வர மறுத்தது. தங்கையா ஏறி மிதித்தான், நான் ஏறி மிதித்தேன், வாத்தியார் எடைக்கு அது மசியவில்லை. பக்தவத்சலம் இஸ்திரிச் சட்டையைக் கழற்றி மனைவி கையில் கொடுத்துவிட்டு ஏறி நின்றார். டயர் உடனே கழன்றது. அவருடைய கனத்தைப் பற்றி ஊரில் நான் பல வருஷம் பரப்பிய கேலிகளையெல்லாம் அந்த நிமிடமே வாபஸ் வாங்கினேன்.

கைப்பம்பில் அவரும் தங்கையாவும் மாறி மாறி அடித்தார்கள். அவர் கட்டைவிரலை வைத்து அழுத்தி, "இன்னும் அடி," என்றார்.

"போதும்," என்ற அம்மாள், சட்டைப் பையிலிருந்த பித்தளைக் குழாயை எடுத்து நீட்டினார். "பின்னாடி இருபத்தாறு, முன்னாடி இருபத்து நாலு பவுண்டு. புஸ்தகத்துல இருக்கு. கல்லு மாதிரி அடிச்சா டயரோட நடு மட்டுந்தான் தரையில படுமாம். படுறதே கொஞ்சம், அப்புறம் எங்க பிடிக்கும்?"

குழாய் முதன்முதலாக வேலை செய்தது. பின்னால் சரியாக வைத்தார்கள். முன்னால் இருந்த பழைய டயர்களில் நாற்பதுக்கு மேல் காட்டியது. தங்கையா காற்றை இறக்க, புஸ்ஸென்ற சத்தம் ஓயும்வரை பக்தவத்சலம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்த முறை கார் ஏறியது. வெள்ளைக் கோடு போட்ட கம்பெனிக்காரன் நல்லவேளையாகத் தரையில் படும் பக்கத்தில் பள்ளமும் வெட்டியிருந்தான். ஏற்றத்தின் உச்சிக்குப் போவதற்குள் வெள்ளைக் கோடு செம்மண் கோடாகிவிட்டது. மேலே போனதும் இந்திராணி முதல் தடவையாக என்னைப் பார்த்தாள்.

நாங்கள் ஜெட்டி சேர்ந்தபோது கப்பலின் ஏணியை எடுக்கப் போனார்கள். கூலியாட்கள் ஒருவரும் கண்ணில் படவில்லை. நான் டிக்கெட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது, பனியனோடு, இடுப்புவரை சேற்றோடு ஒரு மனிதர் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு "ரோக்கோ, ரோக்கோ, நிறுத்துங்க" என்று கத்தியபடி ஏணியை நோக்கி ஓடினார். அந்த நேரம் போர்ட் பிளேரின் முக்கியப் புள்ளிகள் பாதிப் பேர் வழியனுப்ப அங்கே நின்றிருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் அவரிடம் தங்கள் பெட்டிக்கும் கூலி பேசினார்கள். பக்தவத்சலத்தின் காதில் அது விழவில்லை.

கப்பல் நகர்ந்த பிறகு அவருக்குக் கைகூப்பினேன்.  

"கோடு கழுவுனா வந்துடும்ல தம்பி?" என்றார்.

"வந்துடும் அண்ணாச்சி," என்றேன். வரவில்லை. குடியரசு தினத்தன்று நான்கு டயர்களில் இரண்டு மட்டும் வெள்ளையாக இருந்தன. பெரிய சாகிப் மோட்டார் படகில் வந்து போய்விட்டார்.

இப்போது இந்திராணி போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் சிஸ்டர். போன மாதம் பக்தவத்சலம் தலைசுற்றல் என்று வந்தார். அந்த அம்மாளோடு நானும் துணைக்குப் போயிருந்தேன். அவள் அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, மெதுவாக இறக்கி, முள்ளைப் பார்த்தாள்.

"கொஞ்சம் கூடத்தான் இருக்கு மாமா. டாக்டர்கிட்ட சொல்லி மாத்திரை வாங்கித் தர்றேன். இன்னையிலேருந்தே போடணும், பெட்டியில எடுத்து வைக்கக் கூடாது."

"அதெல்லாம் எங்க வீட்டுல இப்ப வெக்கிறதில்லம்மா," என்றார் மங்கையர்க்கரசி. "அன்னைக்கு டயரோட போச்சு."

பக்தவத்சலம் தம் பையிலிருந்து மூன்று பேனாக்களுக்கு நடுவே இருந்த பித்தளைக் குழாயை எடுத்து, சட்டையில் துடைத்து, மறுபடி செருகிக்கொண்டார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் அவரிடம், "சார் எஞ்சினியரா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் இந்திராணி, "ஆமாங்க," என்றாள்.