அரை மில்லி கோணல்

பல் டாக்டரின் தங்கைக்கு 'அரை மில்லி' என்று பெயர் வைத்தது அவளுடைய அண்ணனேதான். ஒரு பல் அரை மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் கண்ணில் தூசி விழுந்ததுபோல் அவளுக்கு உறுத்தும். அண்ணன் முன்னறையில் மனிதர்களின் வாயைப் பார்ப்பார். அவள் பின்னறையில் அந்த வாய்களின் பிளாஸ்டர் அச்சை வைத்துக்கொண்டு பல் செய்வாள். இருபத்திரண்டு வருஷமாக ஊர் முழுக்க அவள் செய்த பல்தான் சிரிக்கிறது. சிரிக்கிறவர்கள் யாரென்று அவளுக்குத் தெரியாது, அவர்களுக்கும் அவளைத் தெரியாது.

அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பின்னறைக் கதவு படாரென்று திறந்தபோது அவள் கையிலிருந்த மெழுகுக் கத்தி நழுவியது.

"இந்தப் பல்லச் செஞ்ச மகராசி யாரு?" என்று கேட்டுக்கொண்டே ஒரு குள்ளமான பெண்மணி உள்ளே வந்தார். பின்னால் நெட்டையாக அவர் கணவர், கையில் கறுப்புப் பெட்டி. அதற்கும் பின்னால் அண்ணன், கையைப் பிசைந்துகொண்டு.

நெட்டை மனிதரை அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் வாயைத் திறந்ததும் பல்லைத் தெரிந்தது. மேல்வரிசை, இடப்பக்க முன்பல். போன வாரம் அவள் செய்த பல்லுறை, கேப். நிறம், பளபளப்பு, வரிசை என்று ஒரு குறை சொல்ல முடியாது. வாழ்நாளில் இவ்வளவு நேர்த்தியாக அவள் ஒரு பல் செய்ததில்லை. பாராட்டத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, பாவம், கொஞ்சம் புன்னகையும் செய்துவிட்டாள்.

"அழகா இருக்கு, நான் இல்லேங்கல" என்றார் அந்த அம்மாள். "இருபத்தாறு வருஷத்துல இவரு இவ்வளவு லட்சணமா இருந்து நான் பாத்ததில்ல. ஆனா ஊத வரலியே!"

கணவர் பெட்டியைத் திறந்து டிரம்பெட்டை எடுத்தார். உதட்டில் வைத்து ஊதினார். புஸ்ஸென்று காற்று வந்தது. நடுவில் ஒரு கிறீச். மறுபடியும் காற்று. அவர் கருவியை இறக்கிவிட்டுத் தரையைப் பார்த்தார். முன்பின் தெரியாத ஒருவருக்கு முன்னால் தோற்றுப்போவது எவ்வளவு கஷ்டம் என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது.

பிறகுதான் கதை முழுதாக வந்தது. மூன்று வாரத்துக்கு முன் மேடைக்குப் பின்னால் இருக்கும் குறுகலான நடையில் நின்று டிரம்பெட்காரர் ஊதிப் பழகிக்கொண்டிருந்தார். யாரோ அவசரக்காரன் கதவைத் தள்ளினான். கதவு டிரம்பெட்டை இடித்தது, டிரம்பெட் பல்லை இடித்தது. பல் ஈறோடு முறிந்தது. முறிந்த துண்டைத் துடைப்பம் கொண்டுபோய்விட்டது. அண்ணன் வேரைச் சுத்தம் செய்து, அதில் சின்னக் கம்பி நட்டு, அச்செடுத்துத் தங்கையிடம் கொடுத்தார். அச்சில் அந்த வேர் ஒருக்களித்து நிற்பதை அவள் பார்த்தாள். சரி, மனிதருக்குப் பல் கோணல்போல, இதோடு நேராக்கிவிடுவோம் என்று நேராக்கினாள். யாரும் கேட்காமலே செய்த உபகாரம்!

"ஞாயித்துக்கிழமை கச்சேரி" என்றார் டிரம்பெட்காரர். "வாத்தியக்காரங்க எழுபது பேர் சும்மா உக்காந்திருப்பாங்க. நான் மட்டும் எழுந்து நின்னு ஆரம்பிக்கணும். சனிக்கிழமை ஒத்திகையில வரலேன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க. ஐம்பத்தி நாலு வயசுல அந்த நாற்காலி போச்சுன்னா போனதுதான்."

"பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. பல்லு வந்தும்கூடவா?" என்று அவள் முனகினாள். பிறகு, "சார், சத்தம் வர்றது இந்தப் பித்தளைலருந்துதானே? பல்லு என்ன பண்ணும்?" என்று கேட்டாள்.

அவர் சிரித்தார். கருவியின் முனையிலிருந்த மவுத்பீஸைக் கழற்றினார். சின்னக் கிண்ணம்போல இருந்தது, உள்ளங்கையில் அடங்கும். "இதுல சத்தமே கிடையாதும்மா. இது வெறும் குழாய். சத்தம் உதட்டுல இருக்கு. நானூறு தடவ, ஐந்நூறு தடவ, மேல போனா ஆயிரம் தடவ, ஒரே நொடியில உதடு அடிச்சுக்கும். அதைத்தான் குழாய் பெரிசாக்கிக் காட்டுது. ஒரு பொத்தானும் அமுக்காம ஏழெட்டு சுரம் எடுப்பேன், உதட்ட இறுக்கியும் விட்டும். அந்த உதட்டுக்குப் பின்னால சுவர் மாதிரி நிக்கறது பல்லு. நீங்க சுவரை நகத்திட்டீங்க."

ஒரு நொடியில் ஆயிரம் தடவை. அவள் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஆயிரக்கணக்கான வாய்களை அச்சில் பார்த்தவள்; அதற்குள் இப்படி ஒன்று நடக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. சிலிர்த்தது.

"பழைய போட்டோ இருந்தாக் காட்டுங்க. பழையபடியே செஞ்சிடறேன்" என்றாள்.

அந்த அம்மாள் கைபேசியை நீட்டினார். முப்பது வருஷத்துப் படங்கள். எல்லாவற்றிலும் டிரம்பெட் வாயை மறைத்துக்கொண்டிருந்தது. "கல்யாணப் போட்டோல மட்டும் கையில இல்ல. அதுல வாய இறுக்க மூடிட்டு நிக்கறாரு. அன்னிக்கே என்னப் பாத்து பயம்" என்றார். அண்ணன் சிரித்துவிட்டு, தங்கையின் முறைப்பைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அண்ணே, அந்த மேலுதட்டக் கொஞ்சம் மடக்கிப் பிடி."

அண்ணன் பிடித்தார். அவள் விளக்கை இழுத்துக் குனிந்தாள். உதட்டின் உள்பக்கம், புதுப் பல்லுக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் தள்ளி, ஒரு சின்னப் பள்ளம். காய்த்துப்போய்க் கெட்டியாக இருந்தது. தினம் நாலு மணி நேரம், முப்பது வருஷம், பல்லின் ஒரு முனை அழுத்தி அழுத்தி உண்டான பள்ளம். பல் போய்விட்டது, அது உட்கார்ந்த இடம் போகவில்லை. இந்த உதடு அதை விட்டுக்கொடுக்கவில்லையே என்று நினைத்தாள்.

"கேப்பக் கழட்டு. அந்த இடத்துல அச்சுப் பசைய வெச்சு, அது எறுகறதுக்குள்ள இவர ஊதச் சொல்லு."

"எந்தப் புஸ்தகத்துல இருக்கு இது?"

"இந்த வாயும் எந்தப் புஸ்தகத்துலயும் இல்லண்ணே."

நல்லவேளை, அண்ணன் கேப்பைத் தற்காலிகப் பசையால்தான் ஒட்டியிருந்தார், ஆட்டியதும் வந்துவிட்டது. அந்த இடத்தில் நீலப் பசையை உருட்டி வைத்தார். டிரம்பெட்காரர் மவுத்பீஸை மட்டும் உதட்டில் வைத்து ஊதினார். காற்று வந்தது. உதடு பசையை மெல்ல மெல்ல ஒதுக்கியது. இன்னும் காற்று. திடீரென்று சத்தம் பிடித்துக்கொண்டது. அழகான சத்தம் என்று சொல்ல முடியாது. குழந்தை ஊதும் பீப்பி மாதிரிதான் இருந்தது. ஆனால் நூல் பிடித்ததுபோல் நேராக, நடுங்காமல் நின்றது. அவள் வாழ்நாளின் சிறந்த பல் செய்ய முடியாததை ஒரு பசை உருண்டை செய்துவிட்டது.

இறுகிய பசையை எடுத்து அளந்தாள். பல் ஒருக்களித்து, ஒரு முனை அரை மில்லி முன்னால் துருத்தி, மறுபக்கம் தலைமுடி நுழையும் சந்து. இரண்டு நாள் உட்கார்ந்து அந்தக் கோணலைச் செய்தாள். கை கேட்டால்தானே! தேய்க்கும்போதெல்லாம் அது பாட்டுக்கு நேராக்கப் போனது. கையைத் திட்டித் திட்டிக் கோணலாக்கினாள். "கோணப் பல்லு கட்டுன டாக்டர்னு ஊரே சிரிக்கப்போவுது" என்று அண்ணன் புலம்பினார். வெள்ளிக்கிழமை மாட்டினார்கள். டிரம்பெட்காரர் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்துவிட்டு, "பழையவன் வந்துட்டான்" என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் அந்த அம்மாள் போன் செய்தார். ஒத்திகையில் நாற்காலி தப்பித்தது. சத்தமாக வாசிப்பதெல்லாம் பழையபடி வந்துவிட்டதாம். ஆனால் ஆரம்பம் மெல்லிசாக, ஒன்றுமே இல்லாததிலிருந்து எழவேண்டும். அதுதான் கஷ்டமாம். மூன்று தடவையில் ஒரு தடவை உடைந்ததாம். "குழுத் தலைவரு ஒண்ணும் சொல்லல. ஆனா இவரு சாப்பிடல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் தங்கையும் ஆறாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். அத்தனை வாத்தியங்களை ஒன்றாக அவள் பார்த்ததில்லை. சங்கு மாதிரி சுருண்ட ஹார்ன்கள், நீளக் குழாய் நீளும் டிராம்போன்கள், ஒரு குழந்தையையே மடியில் வைத்ததுபோல் டியூபா. இத்தனைக்கும் பின்னால் இத்தனை உதடுகள், இத்தனை பற்கள் என்று எண்ணியதும் அவளுக்கு மலைப்பாக இருந்தது. விளக்குகள் மங்கின. டிரம்பெட்காரர் எழுந்தார். கருவியை உதட்டில் வைத்தார். குழுத் தலைவரின் கை இறங்கியது.

ஒன்றும் கேட்கவில்லை.

அவள் அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்தாள். இன்னும் ஒன்றும் இல்லை. போச்சு. அவர் நாற்காலியும் போச்சு, அந்த வீட்டில் சோறும் போச்சு, எல்லாம் நான் தேய்த்த தேய்ப்பு. எழுந்து ஓடிவிடலாமா என்று திரும்பினாள்.

பக்கத்தில் அண்ணன் வாயைத் திறந்தபடி அசையாமல் இருந்தார். அவருக்கு அப்பால் ஒரு பெரியவர் கண்ணை மூடியிருந்தார். மண்டபத்தில் ஒருவர்கூட இருமவில்லை. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவள் மௌனம் என்று நினைத்துக்கொண்டிருந்தது மௌனம் இல்லை. அவ்வளவு மெல்லிசாக, சத்தம் ஆரம்பித்து வெகு நேரம் ஆகியிருந்தது.