வரதனுக்குத் தண்டனை இல்லை

அடுத்தவன் முறையில் வலை கட்டியது வரதன்தான். அதை அவர் மறைக்கவில்லை. கடலை ஒட்டிய ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் இறால் வலை கட்டலாம் என்று குப்பத்தில் முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பாடு மீறியவனுக்கு அடுத்த பாடு கிடையாது. கூடப் பிறந்தவனாக இருந்தாலும் கிடையாதுதான்.

லைட்ஹவுஸையும் கோயில் கோபுரத்தையும் ஒரே நேராகப் பிடித்து இடம் பார்ப்பது அவர் வழக்கம். அன்றைக்கு அவர் பிடித்தது லைட்ஹவுஸை அல்ல, அதற்குப் பக்கத்தில் புதிதாக எழுந்த செல்போன் டவரை. ஐம்பது வருஷப் பழக்கம், மனுஷனுக்குச் சந்தேகமே வரவில்லை. சாவகாசமாகக் கழி ஊன்றி, வலையைக் கட்டி நிமிர்ந்தால், பக்கத்தில் குப்பத்துப் பையன் பிரபாகரன் படகை நிறுத்தி உட்கார்ந்திருக்கிறான். அன்று அந்த இடம் அவனுடைய பாடு. அவன் கத்தவில்லை, கழியைப் பிடுங்கவில்லை.

"நீயே எடுத்துக்க பெரிப்பா" என்று சொல்லித் திரும்பிப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் வாசலில் ஊர் கூடியபோது வரதனே எழுந்து சொன்னார்.

"தப்பு என்னுதுதான். அடுத்த பாடு எனக்கு இல்லன்னு எழுதிக்கங்க."

தலைவர் ஆதிநாராயணன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "அதெல்லாம் இன்னாத்துக்கு வரதா? வயசாச்சு, கண்ணு மங்கிப்போச்சு. உடு."

"முறைன்னு ஒண்ணு கீதுல்ல?"

"அது பசங்களுக்கு. நீ போய் டீ குடி."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அன்பான சிரிப்புதான், அதுதான் வரதனைக் கொன்றது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பார். தண்டனை கொடுத்திருந்தால் ஒரு முறை பல்லைக் கடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டு, மறுமுறை தலை நிமிர்ந்து படகேறியிருப்பார். விட்டுவிட்டார்களே, இனி எந்த முகத்தோடு போவது?

பத்து வருஷத்துக்கு முன்னால் வேறொரு கிழவர் இதே போல் இடம் தப்பியபோது, பாவம் விடுங்கள் என்று முதலில் சொன்னவர் வரதன்தான். கிழவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். நல்லது செய்தோம் என்றே வரதன் இத்தனை நாளும் நினைத்திருந்தார். அதன் பிறகு அந்த மனுஷனை யாரும் ஏரியில் பார்க்கவில்லை என்பது இன்றைக்குத்தான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

வீட்டில் குப்பம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. உட்டுட்டாங்க."

அவள் கை நின்றது. நாற்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மீஞ்சூரில் கம்பெனி வேலையில் இருக்கும் மகன் மோகன்குமார், வாராவாரம் வீட்டுச் சேதி கேட்க அழைப்பான். குப்பம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். மகள் சரண்யாவுக்கு ஏழாம் மாசம், வாந்தி நின்றுவிட்டது என்றாள். அனுப்பம்பட்டு மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார் என்றாள்.

"நைனா ஏரிக்குப் போய்கீறாரா?" மகன் குரல் வெளியே கேட்டது.

அவள் வரதனைப் பார்த்தாள். பொய் சொல்லச் சொன்னால் சொல்லியிருப்பாள். வரதன் தலையசைத்தார், உள்ளதைச் சொல் என்று.

"இல்லப்பா, ஊட்லதான் கீறாரு" என்றாள் குப்பம்மா. "இனிமே நீ எப்ப போன் பண்ணாலும் அவராண்ட பேசலாம்."