நான்கு வினாடிச் சோதனை

கணினிகளில் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் எங்கள் அலுவலக ஸ்கேனரில், பிளகின் என்னும் சிறு நிரல் ஒன்றைப் புதிதாகச் சோதிக்க ஒன்பது நாள் ஆகும். ஏற்கெனவே இருக்கும் நாற்பதாயிரம் பிளகின்களும் பணிமூப்புப்படி வரிசையில் நின்று, தத்தம் கேள்வியைக் கேட்டு முடித்த பிறகுதான் புதியது உள்ளே போகலாம். ஒவ்வொரு பிளகினும் ஒரே ஓர் ஓட்டையைப் பற்றித்தான் கேட்கும். வேறெதுவும் அதற்குத் தெரியாது.

அந்த மாதம் ஆஸ்பத்திரிக் கணினியில் எங்கோ ஓர் ஓட்டை விழுந்து, அதன் வழியே நோயாளிகளின் ரத்த வகைகள் வெளியேறிக்கொண்டிருந்தன. காலையில் ஓ பாசிட்டிவாக இருந்தவர்கள் மதியம் எதுவாகவும் இல்லை. அறுவை சிகிச்சைகள் நின்றுபோயின. அந்த ஓட்டையைத் தேடும் பிளகினை நான்தான் எழுதினேன்.

ஒன்பதாம் நாள் அது உள்ளே போனது. கதவு திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் திரும்பி வந்தது. காத்திருக்கும்படி எழுத நான் மறந்திருந்தேன். ஐம்பத்து நான்கு வயதில் ஒரு வரியை மறக்கிறவன் இந்த வேலைக்கு லாயக்குதானா என்று யோசித்தபடி அந்த வரியைச் சேர்த்தேன்.

"மறுபடி வரிசைக் கடைசியில போய் நிக்கச் சொல்லுங்க," என்றார் மேலாளர் அருமைநாயகம்.

"வரிசையில இருக்கிறதுல ரெண்டே ரெண்டு பேர் ஏற்கெனவே சொன்ன பதில் தெரிஞ்சா இதுக்குப் போதும் சார். மத்தவங்க எதுக்கு?"

"மத்தவங்க மனசு புண்படும்."

"புண்படட்டும். அங்க ஆபரேஷன் நின்னு கிடக்கு."

"வரிசையைத் தாண்டினா நடவடிக்கை வரும்."

"வரட்டும் சார்."

அந்த இரண்டு பேரின் பதில்களையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, பிளகினின் சட்டைப்பையில் வைத்து, பின்படிக்கட்டு வழியாகக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். நான்கு வினாடியில் திரும்பி வந்து தப்பாகச் சொன்னது. திருத்தி அனுப்பினேன். மீண்டும் தப்பு. பதினேழாவது முறை, சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே, ஓட்டை இருக்கும் இடத்தைச் சரியாகச் சொன்னது. ஆஸ்பத்திரியில் அதை அடைத்தார்கள். மாலைக்குள் ரத்த வகைகள் அவரவரிடம் திரும்பின.

வரிசையில் நின்ற நாற்பதாயிரமும் என்னையே பார்த்தன. நான் தலைகுனியவில்லை. குனிந்திருக்க வேண்டுமோ என்று பேருந்தில் யோசித்தேன். வேண்டியதில்லை என்று இறங்கும்போது முடிவுசெய்தேன்.

மறுநாள் நடவடிக்கை வந்தது. நாற்பதாயிரமும் பணிமூப்புப்படி என்னைக் கேள்வி கேட்டன. ஒன்பது நாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் மூன்று ஓட்டைகள் இருப்பதாக அறிக்கை வந்தது.

"சாயங்காலத்துக்குள்ள அடைச்சிடுங்க," என்றார் அருமைநாயகம்.

முடியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இடது தோளுக்குக் கீழே இருக்கும் ஓட்டை வழியே நல்ல காற்று வருகிறது. மின்சாரம் போனால் பக்கத்து மேசைக்காரர்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து என் அருகில் உட்கார்ந்துகொள்கிறார்கள். நேற்று அருமைநாயகமும் வந்தார்.