முந்நூறு டாலருக்குள் ஒரு பிஸ்டல்

எங்கள் கடையில் துப்பாக்கியைக் கைமாற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. கொடுப்பவர் தோட்டா அடைக்கும் மேகசினைக் கழற்றி, மேலே உள்ள ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்த பிறகுதான் நீட்ட வேண்டும். வாங்குகிறவர், தன் கண்முன்னாலேயே பார்த்ததாக இருந்தாலும், இன்னொரு தடவை இழுத்துப் பார்க்க வேண்டும். இதற்கு இங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. பெற்ற தாயே கொடுத்தாலும் பார்ப்போம். கென்டக்கியின் இந்த மலை மூலையில் ஆட்களைச் சாகடித்ததெல்லாம் பெரும்பாலும் காலி என்று சொல்லிக் கொடுத்த துப்பாக்கிகள்தான்.

அன்று பிஸ்டல் வாங்க வந்த லானி பார்க்கவில்லை. வாங்கிய கையோடு விசையில் விரலை வைத்து, சுவரில் மாட்டியிருந்த மான் தலையைக் குறி பார்த்தான். அதற்கும் அவனுக்கும் நடுவில் என் தலை இருந்தது.

"விரலை எடு," என்றேன்.

"காலியாத்தானே இருக்கு, பாட்டி."

"உன் மண்டையுந்தான் காலியா இருக்கு. விரலை எடுடா."

எனக்கு ஐம்பத்தாறு வயது. பெயர் வெர்னா. பத்தொன்பது வருஷமாக இந்தக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நிற்கிறேன். என்னைப் பாட்டி என்று கூப்பிட என் பேரனுக்கு மட்டும்தான் உரிமை.

அவனுக்குப் பின்னால் ஓர் ஆள் உயரம் தள்ளி அவன் மனைவி நின்றிருந்தாள். முப்பது வயதிருக்கும். பச்சைச் சட்டை. கீழ் உதட்டில் இரண்டு தையல். அவள் துப்பாக்கி பக்கமே பார்க்கவில்லை. அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதையே எடுத்துக்கறேன். முந்நூறுக்குள்ள முடிச்சுக் குடு," என்றான் லானி. அவன் பிடித்திருந்தது கனத்த, பெரிய பிஸ்டல். "பணம் அவ குடுப்பா. பாரத்துலயும் அவதான் கையெழுத்துப் போடுவா. எனக்குக் கோர்ட்ல ஒரு சின்ன விஷயம் ஓடிச்சு."

சின்ன விஷயம் என்னவென்று அவள் உதட்டிலேயே எழுதியிருந்தது. பெண்டாட்டியை அடித்துத் தண்டனை வாங்கியவன் துப்பாக்கி வாங்கவே கூடாது. அவனுக்காக இன்னொருவர் கையெழுத்துப் போட்டால் இரண்டு பேருக்கும் ஜெயில், எங்களுக்குக் கடை போகும். துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய அரசாங்கப் பாரத்தில் இதைத்தான் கேட்கிறார்கள்: நீ வாங்குவது உனக்காகத்தானா?

"எனக்குத்தாங்க," என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி.

"உனக்கா? இதுல உன் விரல் விசைக்கே எட்டாதேம்மா. ரெண்டு பேரும் கிளம்புங்க."

லானி வாய்க்கு வந்தபடி திட்டினான். நானும் சளைக்கவில்லை. கடைசியில் கதவை உதைத்துத் திறந்துகொண்டு போனான். அவள் அவன் பின்னால் போனாள்.

ஒரு கடையில் இல்லை என்றால் இவர்கள் அடுத்த கடைக்குப் போவார்கள். அதனால் இந்த வட்டாரத்து நான்கு கடைக்காரர்களும் ஒருவருக்கொருவர் போனில் சொல்லிக்கொள்வோம். லானியால் எங்கேயும் கையெழுத்துப் போட முடியாது. போடப்போவது அவள். அதனால் அவள் அடையாளத்தைத்தான் சொன்னேன்.

"பச்சைச் சட்டை, முப்பது வயசு, கீழ் உதட்டுல ரெண்டு தையல். வந்தா குடுக்காதே, ஹியூபர்ட்," என்றேன் பக்கத்து ஊர் அடகுக் கடைக்காரனிடம்.

"தையலா? நல்ல அடையாளம். தப்பவே முடியாது," என்றான் அவன்.

மற்ற இரண்டு கடைகளுக்கும் இதையே சொன்னேன். ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் இரண்டு தட்டு பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் தனியாக வந்தாள். நேராக என் முன்னால் வந்து இரண்டு கையையும் கண்ணாடிமேல் வைத்தாள்.

"போன் பண்ணினது நீதானே?"

"என்ன போன்?"

"மூணு கடை ஏறி இறங்கிட்டேன். அந்த ஹியூபர்ட் என் கண்ணைக்கூடப் பாக்கலை. உதட்டைப் பாத்தான். பெட்டியைப் பூட்டிட்டான்."

"ஆமா, நான்தான் சொன்னேன். மறுபடியும் உன்னை அனுப்பியிருக்கானா?"

"அவனை விட்டுட்டு வந்து நாலு நாளாச்சு. அக்கா வீட்ல இருக்கேன். எனக்கு வேணும்."

"இங்க வர்ற எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க."

"அவனுக்காக நான் எதுக்கு வாங்கணும்?" என்றாள். "அவன்தான் போன சனிக்கிழமையே வாங்கிட்டானே."

"எங்க?" என்றேன்.

"தூண்டில் கடைக்குப் பின்னால, வண்டி நிறுத்தற இடத்துல. எவனோ ஒருத்தன் வித்தான். பேர் கேக்கலை. பாரம் கிடையாது. பத்தே நிமிஷம். நீ வாங்க மாட்டேன்னு சொன்ன அதே பணம், என் பணம். இருபது டாலர் மிஞ்சிச்சு. அதுல எனக்கு ஹாம்பர்கர் வாங்கிக் குடுத்தான். என்னையும் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டுத்தான் அதுல தோட்டா போட்டான்."

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும்.

"கையில எவ்வளவு இருக்கு?" என்றேன் வெடுக்கென்று.

"இருநூத்தித் தொண்ணூறு."

"அதுக்குள்ளயே தோட்டாவும் வாங்கணும். தோட்டா வாங்கக் காசில்லன்னா பிஸ்டலை வெச்சு ஆணிதான் அடிக்கணும்."

அவள் பெட்டியின் ஓரத்திலிருந்த ரோஸ் நிறப் பிஸ்டலைக் காட்டினாள். "அது?"

"அது வெச்சுக்கறவளுக்காகப் பண்ணினது இல்லை. பொண்டாட்டிக்கு வாங்கிக் குடுக்கறவனுக்காகப் பண்ணினது. பளபளன்னு இருக்கும், தோட்டா அடிக்கடி சிக்கும்."

இரண்டை எடுத்து வைத்தேன். ஒன்று, லானி கேட்ட பெரியது. மற்றது போலீஸ்காரர்கள் புதுத் துப்பாக்கிக்கு மாறியபோது எங்களிடம் விற்றுவிட்டுப் போன பழையது. உறையில் உரசி உரசிக் கறுப்பு போயிருந்தது, உள்ளே ஒரு குறையும் இல்லை. விலை இருநூற்று ஐம்பது. அவள் எதை எடுக்கிறாள் என்று பார்த்தேன். சோதனைதான். அது அவளுக்கும் தெரிந்தது.

"என்னையா சோதிக்கிறே?" என்றாள். பெரியதை விரலால் தள்ளிவிட்டுப் பழையதைக் காட்டினாள்.

நான் ஸ்லைடை இழுத்துப் பார்த்துக் கொடுத்தேன். அவள் வாங்கி அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"உள்ள பாத்தியா?"

"நீ இப்பத்தானே பாத்தே."

"என்னை எதுக்கு நம்பறே?"

"உன்னை நம்பறேன்னு யார் சொன்னா?"

"அப்ப இழுத்துப் பாரு. குடுக்கறவங்க பாத்தது அவங்களுக்கு. நீ பாக்கறதுதான் உனக்கு."

அவளால் இழுக்க முடியவில்லை. இரண்டு விரலால் கிள்ளிக்கொண்டு திணறினாள். "உள்ளங்கையால மேலேர்ந்து அழுத்திப் பிடி. அதை இழுக்காதே. வலது கையை முன்னால தள்ளு," என்றேன். மூன்றாவது தடவை ஸ்லைடு பின்னுக்குப் போனது. குனிந்து உள்ளே பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு ஒன்றும் வரவில்லை. நானும் பாராட்டவில்லை.

பாரம் எழுதினாள். பெயர் டிரெஸ்ஸா கோயல். மூன்று கடைக்கு அவளைப் பற்றிச் சொன்னவளுக்கு அப்போதுதான் அவள் பெயர் தெரிந்தது.

வாங்குபவர்மேல் வழக்கு உண்டா என்று பார்க்கும் அரசாங்க அலுவலகத்துக்கு விவரங்களைப் போனில் சொன்னேன். மறுமுனையில் சரிபார்த்துவிட்டு, தாமதம் என்றார்கள். அவள் பெயரிலேயே வேறு எங்கோ எவளோ ஒருத்தி ஏதோ வழக்கில் இருக்கிறாளாம். பதில் வர வேண்டும், இல்லாவிட்டால் மூன்று வேலை நாள் கழிய வேண்டும். வியாழக்கிழமை காலைக்கு முன்னால் கொடுக்க முடியாது.

"வியாழக்கிழமையா?" அவள் மெதுவாகச் சொன்னாள். "அவனுக்குப் பத்து நிமிஷம்."

"என் வீட்ல வந்து இரு. ஒரு அறை சும்மாத்தான் கிடக்கு."

"உன் கட்டில் எனக்கு வேண்டாம். இனிமே என்னைப் பத்தி யாருக்கும் போன் பண்ணாம இரு. அது போதும்."

பிஸ்டலில் அவள் பெயர்ச் சீட்டைக் கட்டி, பின்னறை இரும்புப் பெட்டியில் பூட்டினேன்.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கடை திறந்தேன். பன்னிரண்டாயிற்று, இரண்டாயிற்று. அவள் வரவில்லை. பாரத்தில் அவள் எண் இருந்தது. இரண்டு முறை போனை எடுத்து, இரண்டு முறையும் வைத்துவிட்டேன். என் போனால் அவளுக்கு நடந்த நன்மை போதும் என்று தோன்றியது. மூன்று மணிக்குப் போன் அடித்தது.

"நான்தான்," என்றாள் டிரெஸ்ஸா. "ரெண்டு தடவை வந்தேன். ரெண்டு தடவையும் நிறுத்தாமப் போய்ட்டேன். எதிர்ல தீவனக் கடை வாசல்ல பாரு."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு பழைய சாம்பல் நிற டிரக். ஓட்டுநர் பக்கக் கதவு மட்டும் வேறு வண்டியிலிருந்து எடுத்து மாட்டியது, மண் சிவப்பு. உள்ளே தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு ஒருவன். நான் அந்த வண்டியைத் திங்கட்கிழமையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வைக்கோலுக்குக் காத்திருக்கிறான் என்று நினைத்தேன். இந்த ஊரில் எதிரே வண்டியில் இருப்பவரைப் பார்த்து வணக்கமாக ஒரு விரல் தூக்குவது பழக்கம். செவ்வாய்க்கிழமை அவனுக்கும் தூக்கியிருந்தேன். அவனும் பதிலுக்குத் தூக்கினான்.

"திங்கக்கிழமைலேர்ந்து நிக்கிறான்," என்றேன்.

"நான் பிஸ்டல் வாங்கப்போறதை அக்கா புருஷன் லானிகிட்ட உளறிட்டான். நான் அங்கதான் வருவேன்னு அவனுக்குத் தெரியும். வேற எந்தக் கடைலயும்தான் குடுக்க மாட்டாங்களே," என்றாள். "என் உதட்டைப் பாக்க உனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகலை. அவனைப் பாக்க நாலு நாளா?"

ஜன்னலை விட்டு விலகி நின்றேன்.

"துணி துவைக்கிற கடைக்குப் பின்பக்கச் சந்து தெரியுமில்ல? அங்க நில்லு. எங்க பின்கதவு அங்கதான் இருக்கு. அதைத் திறந்து நான் கூப்பிடற வரைக்கும் வராதே," என்றேன்.

பிறகு ஷெரீப் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். இந்தத் தடவை அவன் அடையாளம் எல்லாம் சொன்னேன். பெயர், வண்டி எண், சிவப்புக் கதவு, தொப்பி, அவன் வாங்கிய தண்டனை, அவனிடம் இருக்கும் துப்பாக்கி, அதை வாங்கிய இடம். இருபது நிமிஷத்தில் இரண்டு கார் வந்தது. அவனை இறக்கி, கையைப் பின்னால் கட்டினார்கள். இருக்கைக்கு அடியிலிருந்து பிஸ்டலை எடுத்தார்கள். தோட்டா நிரம்பியிருந்ததாம். லானி எங்கள் கடையைப் பார்த்துக் கத்தினான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை.

பின் கதவைத் திறந்து அவளை உள்ளே விட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"எப்ப விடுவாங்க?" என்றாள்.

"திங்கக்கிழமை ஜாமீன் கேப்பான்."

தலையை ஆட்டினாள். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத்தான் தாங்கியிருக்காது.

பூட்டைத் திறந்து பிஸ்டலை எடுத்தேன். சீட்டை அவிழ்த்தேன். மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, விரலை உள்ளே விட்டுக்கூடத் தடவிப் பார்த்தேன். அவள் கண்முன்னால், மெதுவாக.

"காலி," என்று சொல்லிக் கொடுத்தேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வெளிச்சத்துக்குத் திரும்பி, உள்ளங்கையை மேலே அழுத்தி, முதல் தடவையிலேயே ஸ்லைடைத் தள்ளித் திறந்து, நான் பார்த்த அந்தக் காலி இடத்தை நெடுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் பேச்சை அவள் நம்பவில்லை. சரியாகத்தான் செய்தாள்.