நாந்தகம் வேலைக்குப் போன நாள்

கார்காலம் தன் கடனை முடித்துக்கொண்டு மேற்குக் கடலுக்குத் திரும்பியிருந்தது. பெருவிழா ஓய்ந்த கோயில் முற்றம்போல வானம் களைத்தும் தூய்மையாகவும் விரிந்து கிடந்தது. ஈரம் காயாத சுவர்களில் பாசி கருகத் தொடங்கியது. புரட்டாசியின் பின்வெயில் மும்பைச் செம்பூரின் மாடிகள்மீது, யாரையும் சினவாமலும் ஒருவரையும் விடாமலும், மெல்ல இறங்கியது. மேகம் ஓய்ந்த அந்தப் பருவத்தில் இரும்பும் ஓயும் நாள் ஒன்று உண்டு. அன்று ஆயுதபூஜை.

அனந்தநாராயணன் வீட்டுப் பூஜைப் பலகையில் அரிவாள்மணையும் கத்தரிக்கோலும் தேங்காய்த் துருவியும் சந்தனப் பொட்டோடு வீற்றிருந்தன. அவற்றினருகே அவர் ஒரு பட்டுத்துணியை விரித்து, அதன்மேல் தம் மடக்குக்கத்தியை வைத்தார்.

கடும் உழைப்புக்கென்றே வார்க்கப்பட்ட கத்தி அது. அதை விற்றவர்களின் வீடியோவில் தாடிக்காரன் ஒருவன் அதனால் விறகு பிளந்தான். கார்க் கதவைக் கிழித்தான். டைட்டேனியம் பிடி, திறந்தால் ‘சடக்’கென்று பூட்டிக்கொள்ளும் அலகு. திருமாலின் வாளை நினைந்து அதற்கு நாந்தகம் என்று பெயரிட்டிருந்தார். அதன் உடன்பிறப்புகள் பீரோவில் வெல்வெட்டில் துயின்றன. அவற்றுள் ஒன்றும் ஒரு வெண்டைக்காயைக்கூடச் சந்தித்ததில்லை. புதுக்கத்தி வந்த பார்சலையே பல்லால் கடித்துத் திறப்பவர் அவர்.

“கேட்டேளா, இது என்னத்துக்கு இங்கே?” என்றாள் மனைவி பாகீரதி.

“ஆயுதபூஜையாச்சே! இதைவிட ஆயுதம் இந்தாத்திலே ஏது?”

“உழைச்சதுக்காக்கும் பூஜை. என் அருவாமணை தினம் உழைக்கறது. இது தூங்கறது. இதுக்குப் பொட்டு வெச்சா உங்க தலகாணிக்கும் வெக்கணும்.”

“இப்பவே ஒரு காய் நறுக்கிக் காட்டறேன்.”

“காயெல்லாம் காலம்பறயே ஆச்சு. அதை எங்கேயாவது போய் யாருக்காவது ஒரு உபகாரம் பண்ணிண்டு வரச் சொல்லுங்கோ. விளக்கேத்தறதுக்குள்ளே வந்தா பலகை. இல்லேன்னா பீரோ.”

பூஜை காணாத ஆயுதம் வெறும் பொம்மை. நாந்தகத்தைப் பொம்மையென்று எண்ண அவருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. கத்தியைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு தாராவிக்கு விரைந்தார். அவருடைய கத்திகளுக்குத் தோலுறை தைத்துத் தரும் சுடலைக்கண்ணனின் பட்டறை அங்கேதான் இருந்தது. தையல் இயந்திரங்கள் எல்லாம் மாலை சூடி நின்றன.

“வாங்க சாமி! புது உறையா? இன்னைக்குத் தோலத் தொட்டா மெஷினு கோவிச்சுக்கிடும்லா.”

“உறை வேண்டாம்ப்பா. வெட்டறதுக்கு ஏதாவது இருக்கா?”

சுடலைக்கண்ணன் குரலைத் தாழ்த்தினான். “யாரைச் சாமி?”

அவர் விளக்குவதற்குள் உள்ளிருந்து அவன் மனைவி மாரீஸ்வரியின் குரல் எழுந்தது. “என்னங்க, பூசணிக்காய அறுக்கக் கத்திய எங்க வச்சிய?”

“சாமிகிட்ட வச்சாச்சி. சூடமும் காட்டியாச்சி. இனி நாளைக்குத்தான் எடுக்கணும்.”

“எல்லாத்தையுமா வச்சிய? அப்பம் திருஷ்டிக்காய நான் பல்லாலயா அறுக்க?”

தம் வாழ்நாள் முழுதும் இவ்வொரு கேள்விக்காகவே காத்திருந்தவர்போல அனந்தநாராயணன் முன்வந்தார். சடக்! நாந்தகம் விரிந்தது. பூசணியின் உச்சியில் இறங்கியது. பாதியில் நின்றது. கார்க் கதவைக் கிழிக்கும் தடித்த அலகு காய்க்குள் இறுகிப்போய், முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. சுடலைக்கண்ணன் காயைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். தையற்காரன் தப்ரேஸ் பிடியை இழுத்தான். இருவரும் காயோடு சேர்ந்து உருண்டார்கள்.

“கத்தியா ஆப்பா சாமி இது?” என்றான் தப்ரேஸ், மூச்சு வாங்க.

“நேரமாவுது,” என்ற மாரீஸ்வரி, கத்தி பிளந்த இடுக்கிலேயே குங்குமத்தைக் கரைத்து ஊற்றினாள். பிடியருகே கற்பூரம் ஏற்றினாள். சுடலைக்கண்ணன் கத்தி நீட்டிய காயைப் பட்டறைக்குச் சுற்றிவிட்டு, தெருவில் வந்து தலைக்குமேல் தூக்கினான். அப்படியே திகைத்து நின்றான்.

“சாமி, கத்தியோட உடைச்சிரட்டுமா? திருஷ்டி கழிச்சத வீட்டுக்குள்ள திரும்பக் கொண்டாரக் கூடாது.”

அனந்தநாராயணனின் கண்முன் கீறலற்ற அந்த டைட்டேனியம் மின்னியது. நிழல்களோ நீண்டுவிட்டன, செம்பூரில் பாகீரதி திரியைத் திரித்துக்கொண்டிருப்பாள்.

“கொடு. நானே உடைக்கறேன்.”

கண்ணை மூடி நாராயணா என்றார்; ஓங்கி எறிந்தார். பூசணி சிதறியது. தெருவில் நின்ற ஆட்டோவுக்கு அடியில் நாந்தகம் தீப்பொறி தெறிக்கச் சறுக்கியது. சிதறிய குங்குமத்தின்மேல் வயிற்றால் ஊர்ந்து சென்று அதை மீட்டெடுத்தார். அலகு அசையவில்லை, பூட்டு தளரவில்லை. பிடியில் மட்டும் ஒரு நீண்ட கீறல்.

ஜி.டி.பி. நகரில் ரயிலேறியபோது சட்டை முழுதும் சிவந்திருந்தது. “க்யா ஹுவா அங்கிள்?” என்ன ஆயிற்றென்று ஒருவன் பின்வாங்கியபடியே கேட்டான். பொய் சொல்லி அறியாத அவர், கத்திக்குப் பூஜை என்ற உண்மையைத் தமக்குத் தெரிந்த இந்தியில், “குச் நஹீ. சாக்கூ கா பூஜா ஹை,” என்றார். பணிக்காலம் முழுதும் நின்றே பயணம் செய்தவருக்கு அன்று பெட்டியில் ஒரு பெஞ்சு முழுதும் கிடைத்தது.

பாகீரதி கதவைத் திறந்து, சட்டையைப் பார்த்தாள். பிறகு கீறலைப் பார்த்தாள்.

“யாருக்கு உபகாரம்?”

“ஒரு பட்டறைக்கே.”

நாந்தகத்தை மஞ்சள்நீரில் கழுவித் துடைத்து, அரிவாள்மணையைச் சற்றே நகர்த்தி, அந்த இடத்தில் வைத்தாள். மோதிரவிரலால் சந்தனம் தொட்டுச் சரியாக அந்தக் கீறலின்மேல் இட்டாள். விளக்கு எரிந்தது. அனந்தநாராயணன் சிவந்த சட்டையோடே நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்கினார்.

கூரியன யாவும் குளிர்க. அவற்றை ஏந்தும் கைகள் நலம் பெறுக. எல்லார் இல்லத்திலும் இவ்விளக்கு நின்று எரிக.