குரல் கேட்கிறதா என்று கேட்டார்கள்

என் மனைவி லவோனியா இறந்த பிறகும் என்னோடு பேசிக்கொண்டுதான் இருந்தாள். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மில்வாக்கி நகரத்தின் வடபக்கத்தில், எங்கள் தெருவில், செத்தவர்களோடு பேசாத கறுப்புக் கிழவன் எவனாவது இருந்தால் காட்டுங்கள். பக்கத்து வீட்டம்மா தன் அக்காளைத் திட்டிவிட்டுத்தான் காலையில் காப்பி போடுவாள். அக்காள் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாயிற்று. "இன்னைக்கு ஆண்டவர் எங்கிட்ட பேசினார்" என்று எங்கள் சபையில் யாராவது சொன்னால், என்ன பேசினார் என்றுதான் கேட்போம்.

லவோனியா ஒன்றும் தேவரகசியம் சொல்லவில்லை. "மேப்ரி, அடுப்ப அணைச்சியா? அந்தக் கோட்டோட வெளிய போகாத, பிச்சக்காரன் மாதிரி இருக்க." உயிரோடு இருந்தபோதும் இதே பாட்டுதான். ஆனால் குரல்தான் வந்தது, ஆள் வரவில்லை. மேசையில் உட்கார்ந்தால் எதிரே காலி நாற்காலி தெரியும் என்று அடுப்பருகே நின்றபடியே தின்றேன். அப்புறம் தின்பதையும் விட்டேன். சில நாள் காலில் ஷூ மாட்டக்கூட மனம் வராது. மாட்டி எங்கே போக? அட்லாண்டாவில் இருக்கும் மகள் போனில் கத்திக் கத்தி என்னை டாக்டரிடம் அனுப்பினாள்.

டாக்டர் சின்னப் பையன், வெள்ளைக்காரன். நல்ல பிள்ளைதான். ஆனால் எடுத்த எடுப்பில் "வில்பர்ட்" என்றான். ஊருக்கே பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவனை, பேரன் வயதுக்காரன் "மேப்ரி ஐயா" என்று சொல்லாமல் முதல் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"மனசு சோர்வா இருக்கா?"

"ஆண்டவர் கிருபையில நல்லா இருக்கேன்."

"தூக்கம் வருதா?"

"கிருபைதான். குறை சொல்ல ஒண்ணுமில்ல."

வீடு பற்றி எரிந்தாலும் எங்களில் என் வயதுக்காரன் இதைத்தான் சொல்வான். குறை சொன்னவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்து வளர்ந்த வாய் இது.

"யாரும் இல்லாதப்ப ஏதாவது குரல் கேக்குதா?"

"கேக்காம? எம் பொண்டாட்டி தினமும் பேசுவா. சில நாள் ஆண்டவரும்."

அதுவரை கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தவன் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தான்.

மாத்திரை கொடுத்தான். அது நன்றாகவே வேலை செய்தது. நாள் முழுக்கத் தூங்கினேன், வீடு ஊமையாயிற்று. அடுப்பை அணைத்தேனா என்று கேட்க ஆளில்லை. துக்கத்தை விட்டுவிட்டுத் துணையை எடுத்துக்கொண்டான் அந்தப் பிள்ளை. லவோனியா இரண்டாம் முறை செத்தாள், இந்த முறை பூக்கூட யாரும் அனுப்பவில்லை.

மகள் மறுபடியும் சண்டை போட்டாள். வியாழக்கிழமைதோறும் அந்த மருத்துவமனைக்கு மனநல ஆலோசகர் ஒருத்தி வருகிறாள், எங்கள் இனத்தவள், அவளைப் பாருங்கள் என்றாள். போனேன். மிஸ் பெட்டவே என்று பெயர். அப்பா தெற்கே ஆர்கன்சாவில் போதகராம்.

"எப்படி இருக்கீங்க, மேப்ரி ஐயா?"

"ஆண்டவர் கிருபையில..."

"எங்கப்பாவும் இதையேதான் சொல்வாரு. அது சபை வாசல்ல சொல்ற பதில். இங்க நாம ரெண்டு பேர்தான் இருக்கோம்."

அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "உங்க வீட்டம்மா பேசுவாங்கன்னு சொன்னீங்களாமே. என்ன பேசுவாங்க?" என்றாள்.

அதுவரை ஒருத்தரும் கேட்காத கேள்வி. அடுப்பு, கோட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு சபை வாசலில் ஒருநாளும் அழாத அழுகை அழுதேன்.

டாக்டரோடு அவள்தான் வாதாடினாள். இது பைத்தியமில்லை, துக்கம் என்று அவனுக்குப் புரியவைத்தாள். அவன் மேற்பார்வையிலேயே மாத்திரையைக் குறைத்து நிறுத்தினார்கள். ஒருநாள் கதவைத் திறக்கும்போது, "அந்தக் கோட்ட இன்னும் தூக்கிப் போடலையா?" என்று லவோனியாவின் குரல் கேட்டது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம்தான் இடி விழுந்தது. மாதக் கடைசியோடு மிஸ் பெட்டவேயின் வியாழக்கிழமையை நிறுத்தப்போகிறார்களாம்.

நேரே மருத்துவமனை நிர்வாகியிடம் போனேன். "உங்க ஆளுங்க யாரும் வரதில்லையே ஐயா. தேவை இருந்தா வருவாங்கல்ல?" என்றார்.

"தேவை இருக்கு. நாங்க சொல்ல மாட்டோம். சொன்னாலும் உங்களுக்கு வேற மாதிரி கேக்குது."

"யாராவது வரட்டும், பாக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை, ஆண்டவர் செய்த நன்மையைச் சபைக்கு முன் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்தேன். எங்கள் சபையில் புற்றுநோய்க்குச் சாட்சி உண்டு, சர்க்கரைக்கு உண்டு, ஜெயிலிலிருந்து வந்த மகனுக்கு உண்டு. நான் எழுந்ததும் வழக்கம்போல் "சொல்லுங்க பிரதர்!" என்று குரல்கள் வந்தன.

"லவோனியா போனதிலிருந்து எனக்கு வாழப் பிடிக்கல," என்றேன். "மனசுக்கு வைத்தியம் பாக்குறேன். வியாழக்கிழமை, மிஸ் பெட்டவேகிட்ட. நம்ம பொண்ணு, நம்ம பேச்சு புரியும். யாரும் போகலைன்னா அவள நிறுத்திடுவாங்க. எனக்கு வேற போக்கிடம் இல்ல. வாங்க."

ஒரு ஆமெனும் வரவில்லை. சாட்சிக்கு நடுவே வாசித்துக்கொண்டே இருக்கும் ஆர்கன்காரன்கூடக் கையை எடுத்துவிட்டான். சின்ன வயதிலிருந்து தெரிந்த முகங்கள் எல்லாம் கையிலிருந்த விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தன. அத்தனை பேருக்கு நடுவில் அப்படித் தனியாக நான் நின்றதேயில்லை.

வெளியே வரும்போது எங்கள் சபை மூப்பர் ஹோரஸ் காஸ்கின்ஸ் வழிமறித்தார். இரும்பு மனிதர். மகன் டெல்ரிக்கை யாரோ சுட்டுக் கொன்றபோது கண்ணீர் விடாமல் பிணப்பெட்டியைத் தூக்கினார். அதற்குப்பின் அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

"விசுவாசம் இருந்தா டாக்டர் எதுக்குய்யா? கிறுக்குப் பிடிச்சத ஆண்டவர் சந்நிதியில பெருமையா சொல்றியே, வெக்கமா இல்ல?"

"உமக்கு முட்டிக்கு ஆபரேஷன் பண்ணாங்களே மூப்பரே, அப்ப உம்ம விசுவாசம் லீவுல போயிருந்துச்சா?"

தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கும் ஜெயித்த சந்தோஷமில்லை.

கடைசி வியாழக்கிழமை. அறைக்கு வெளியே நாற்காலிகள் வரிசையாகக் காலியாகக் கிடந்தன. என்னைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. அடுத்த வாரம் இந்த நேரத்தில் என்ன செய்வேன் என்று யோசித்தேன். பயமாக இருந்தது.

கதவு திறந்தது. தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு காஸ்கின்ஸ் வந்தார். என்னைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தார். போகவில்லை. ஒரு நாற்காலி இடம்விட்டு உட்கார்ந்து சுவரைப் பார்த்தார்.

"முட்டி வலி," என்றார்.

"இங்க முட்டிக்குப் பாக்க மாட்டாங்க."

"தெரியும்."

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"உன் பொண்டாட்டி நெசமாவே பேசுறாளா?"

"பேசுறா. திட்டுறா."

"குடுத்து வெச்சவன்யா நீ. எங்க டெல்ரிக் ஒரு வார்த்தகூடப் பேச மாட்டேங்கிறான்."

உள்ளிருந்து மிஸ் பெட்டவே என் பெயரைக் கூப்பிட்டாள். நான் எழுந்திருக்கவில்லை.

"முதல்ல இவர் வரட்டும்மா," என்றேன்.