எண்பதுக்கு மேல்

தொழிற்சாலையில் அவருக்குக் கையிருப்பு என்று பெயர். முப்பத்தோரு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். நட்டாகட்டும், பேரிங்காகட்டும், கை துடைக்கும் பழந்துணியாகட்டும், "தீர்ந்துபோச்சு" என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் புத்தியெல்லாம் மொத்தமாக மின்சார காரின் தலையில் போய் இறங்கியது.

கார் வாங்கி இரண்டு வருடம். வாங்கியதே அக்கா ஊருக்குப் போகத்தான். ஐநூற்று இருபது கிலோமீட்டர். நூறு சதவீதம் ஏற்றினால் முந்நூறு ஓடும், ஆக வழியில் இரண்டு இடத்திலாவது சார்ஜ் போட வேண்டும். அதற்கென்று ஒரு நீல ஃபைல் போட்டிருந்தார். எந்த ஸ்டேஷன், அங்கே எத்தனை சார்ஜர், கூரை உண்டா, கழிப்பறை உண்டா, எல்லாம் அதில் இருந்தது. பயணம் ஒன்றுதான் இல்லை. சார்ஜிங் ஆப்பில் ஒருவர் "நன்றாக வேலை செய்கிறது" என்று எழுதுவார். அடுத்த வாரமே இன்னொருவர் "இரண்டு மணி நேரம் தவித்தோம்" என்று எழுதுவார். உடனே ஃபைலில் வழி மாறும், தேதி அடுத்த மாதத்துக்குப் போகும்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்கா போன் செய்வாள்.

"என்னடா, உன் ப்ளான் எத்தனை பர்சென்ட் ஏறியிருக்கு?"

"தொண்ணூறு இருக்கும்க்கா. அந்த ரெண்டாவது ஸ்டேஷன்தான் இன்னும் நம்பற மாதிரி இல்ல."

"நூறு ஏத்திட்டே வா. நான் எங்க ஓடிடப் போறேன்?"

அவளுக்குத் தம்பியைச் சீண்டுவதில் ஒரு சந்தோஷம். ஆனால் அவர் எதற்காக வர நினைக்கிறார் என்று அவளும் கேட்டதில்லை, இவரும் சொன்னதில்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் அக்காவின் கணவர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். வாயுப் பிடிப்பு என்று நினைத்து அக்கா வெந்நீர் வைத்துக் கொடுத்திருக்கிறாள், கொஞ்ச நேரம் படுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். சாவு வீட்டில் பத்துப் பேர் நடுவில் இவர் வாயைத் திறந்தார். "ஒரு மணி நேரம் முன்னாடி கூட்டிட்டுப் போயிருந்தா பிழைச்சிருப்பார். நீதான் லேட் பண்ணிட்டே." எழுந்து உள்ளே போன அக்கா, இவருக்கு ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து வைத்தாள். அந்தக் காபி இன்னும் இவர் தொண்டையில்தான் நிற்கிறது. நேரில் போய், அவள் முகத்தைப் பார்த்து, "தப்பாப் பேசிட்டேன்க்கா" என்று சொல்ல வேண்டும். இவ்வளவுதான் சங்கதி. இந்த இரண்டு சொல்லுக்குத்தான் இரண்டு வருடமாக ஃபைல்.

அன்றைக்குக் காலை ஐந்தே முக்காலுக்கு அக்கா மகன் போன் செய்தான்.

"மாமா, அம்மாவை ராத்திரி ஆஸ்பத்திரியில சேர்த்தோம், நுரையீரல் ரொம்ப மோசமாயிடுச்சு. சாயங்காலம் நாலு மணிக்கு தொண்டையில ட்யூப் போடப் போறாங்க. மயக்கத்துலயே வெச்சிடுவாங்களாம். திரும்ப முழிப்பாங்களான்னு டாக்டராலயே சொல்ல முடியல. பேசணும்னா நாலுக்குள்ள வந்துடுங்க மாமா."

பகலில் ரயில் கிடையாது. பஸ் பன்னிரண்டு மணி நேரம் எடுக்கும். ஆறு இருபதுக்குக் காரை எடுத்துவிட்டார். பக்கத்தில் அவர் மனைவி, அவள் மடியில் நீல ஃபைல். சார்ஜ் நூறு. அதைச் சொல்லவும் வேண்டுமா?

முதல் ஸ்டேஷனுக்கு எட்டு ஐம்பதுக்கே வந்துவிட்டார்கள். முப்பத்து மூன்று சதவீதம் இருந்தது. எண்பதுக்கு ஏற முப்பத்தைந்தே நிமிடம். அதற்கு மேல்தான் வேகம் படுத்துக்கொள்ளும். காலி பஸ்ஸில் ஏறுகிறவர்கள் சட்டென்று உட்கார்ந்துவிடுவார்கள். கடைசியில் ஏறுகிறவன்தான் சீட்டு தேடி அல்லாடுவான். பேட்டரியும் அப்படித்தான், கடைசி இருபது சதவீதத்துக்கு முக்கால் மணி நேரம் கேட்கும். இது அவருக்குத் தெரியாதா? ஃபைலில் சிவப்பு மையில் எழுதியே வைத்திருந்தார்.

"எண்பது வந்துடுச்சுங்க" என்றாள் மனைவி.

"ரெண்டாவது ஸ்டேஷன் வேலை செய்யலன்னா?"

"போன் பண்ணிக் கேட்டுட்டேன். வேலை செய்யுதாம்."

"நாம போறப்ப செய்யணுமே. நேரம் இருக்கு."

பத்து பத்துக்குத்தான் கிளம்பினார்கள். வெயில் கண்ணாடியில் அடித்தது. ஏசி போட்டால் சார்ஜ் குறையும் என்று போடவில்லை. மனைவி புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

இரண்டாவது ஸ்டேஷன் ஒரு டயர் கடையின் பின்பக்கம் இருந்தது. இரண்டு சார்ஜரில் ஒன்றைச் சாக்கால் மூடிக் கட்டியிருந்தார்கள். மற்றதில் வேறொரு கார் நின்றது. "பார்த்தியா, பார்த்தியா" என்றார் மனைவியிடம், ஏதோ ஜெயித்துவிட்டவர் மாதிரி. கால் மணி நேரம் காத்திருந்து, பன்னிரண்டு ஐம்பதுக்குச் செருகினார். முப்பத்தேழிலிருந்து ஏற ஆரம்பித்தது. இன்னும் நூற்று முப்பது கிலோமீட்டர்தான் பாக்கி.

ஒரு மணிக்கு மேல் போன் அடித்தது. அக்கா மகன்தான்.

"மாமா, அம்மா முழிச்சிட்டு இருக்காங்க. மாஸ்க் போட்டிருக்கு, ஆனா பேசறது புரியுது. போனைக் காதுல வைக்கட்டுமா?"

மனைவி அவர் கையைப் பிடித்தாள். "பேசிடுங்க. போன்லயே சொல்லிடுங்க."

அந்த விஷயம் அவளுக்குத் தெரியும். சாவு வீட்டில் அவளும்தானே இருந்தாள். டயர் கடையில் எவனோ இரும்பை வைத்துச் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தான். இந்தச் சத்தத்தில், மாஸ்க் போட்டவளிடம், கத்திக் கத்தியா மன்னிப்புக் கேட்பது?

"வேண்டாம்ப்பா, அவளைச் சிரமப்படுத்தாதே. மூணு அம்பதுக்கு அங்க இருப்பேன்னு சொல்லு. நேர்லயே பேசிக்கறேன்."

அந்தப் பக்கம் ஏதோ முனகல் கேட்டது. பிறகு அக்கா மகன் சிரித்தான். அழுகையும் கலந்த சிரிப்பு.

"அம்மா கேக்கறாங்க மாமா. எத்தனை பர்சென்ட்டாம்?"

"அறுபத்திரண்டு" என்றார். குரல் உடைந்துவிட்டது.

ஒன்று இருபதுக்கு எண்பது வந்தது. பின்னால் ஒரு டாக்ஸிக்காரர் சவாரியோடு காத்திருந்தார். அவர் இறங்கி வந்து, "சார், எண்பது ஆயிடுச்சே, எடுத்துக்கலாமா?" என்று பதமாகத்தான் கேட்டார்.

"நான் ரொம்ப தூரம் போகணும்."

"எவ்வளவு சார்?"

"நூத்தி முப்பது."

டாக்ஸிக்காரர் அவரைப் பார்த்தார், காரைப் பார்த்தார். "எண்பதுல இருநூத்தி நாப்பது போகுமே சார்" என்று சொல்லிவிட்டு, வாதாட வேண்டாமென்று நினைத்தாரோ என்னவோ, போய்த் தன் வண்டியில் உட்கார்ந்துகொண்டார்.

மனைவி காரிலிருந்து இறங்கி அவர் எதிரில் வந்து நின்றாள். முப்பத்தெட்டு வருடத்தில் அவரிடம் இப்படிப் பேசியவள் இல்லை. "கிளம்புங்க. இப்பவே கிளம்புங்க."

"அந்த ஊர்ல எங்க சார்ஜர் இருக்குன்னு சரியாத் தெரியாது. நடுரோட்டுல நின்னுட்டா? அப்ப என்ன பண்ணுவே? ரெண்டு மணிக்கு எடுத்தாலும் மூணு அம்பதுக்குப் போயிடலாம். பத்து நிமிஷம் கையில இருக்கு."

சார்ஜில் நூறு கிலோமீட்டர் உபரி போதாதென்று நின்றவர், நேரத்தில் பத்து நிமிடம் போதும் என்று நம்பினார். என்ன சொல்ல! இடித்த புளி மாதிரி அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எண்பத்தொன்று, எண்பத்திரண்டு என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பயம்தான். வேறொன்றுமில்லை. வழியில் நின்றுவிடுவோமோ என்ற பயத்தோடு, போய்ச் சேர்ந்துவிட்டால் அவளிடம் சொல்லியாக வேண்டுமே என்ற பயமும் சேர்ந்திருந்தது. அதை அவர் தனக்குத்தானே கூட ஒப்புக்கொள்ளவில்லை.

இரண்டு ஐந்துக்கு நூறு வந்தது. கிளம்பினார்கள்.

மூன்றரைக்கு ஊர் எல்லையைத் தொட்டாயிற்று. அங்கே குழாய் பதிக்கச் சாலையில் பாதியை வெட்டிப் போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் ஒரு பக்க வண்டிகளை விட்டு, பிறகு மறுபக்க வண்டிகளை விட்டார்கள். முன்னால் ஒரு சிமெண்ட் லாரி. மூன்று ஐம்பது அந்த லாரியின் பின்னால்தான் வந்தது. நான்கு மணியும் அங்கேதான் வந்தது. ஹாரன் மேல் கையை வைத்தார், அடிக்கவில்லை. யாரைப் பார்த்து அடிப்பது? மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அழுவது அவருக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தும்போது மணி நான்கு இருபது. திரையில் ஐம்பத்தேழு சதவீதம். அதில் இருபதை ஏற்றத்தான் டயர் கடைக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் அந்த எண்ணைப் பார்த்தார். மனைவியும் பார்த்தாள். இருவரும் இறங்கினார்கள்.

மூன்றாவது மாடியில் ஒரு நர்ஸ் இரண்டு நிமிடம் மட்டும் என்று சொல்லி அவரை உள்ளே விட்டாள். அக்கா வாயில் குழாயும், கன்னத்தில் பிளாஸ்திரியுமாகக் கிடந்தாள். மெஷின் அவளுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவர் குனிந்து, காதருகில், "தப்பாப் பேசிட்டேன்க்கா. அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். இரண்டாவது தடவை சத்தமாகச் சொன்னார். அக்காவின் இமை கூட அசையவில்லை. "அவங்களுக்குக் கேக்காது சார்" என்றாள் நர்ஸ், இரக்கமாகத்தான். அதன் பிறகு அக்கா உயிரோடு இருந்தவரை அந்தக் குழாயை யாரும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எல்லாம் முடிந்தது.

அன்று அவர் வெளியே வந்தபோது நடையில் அக்கா மகன் நின்றிருந்தான். மாமாவைக் கட்டிக்கொண்டான்.

"அம்மா அஞ்சு நிமிஷம் வெயிட் பண்ணச் சொன்னாங்க மாமா. என் தம்பி வந்துடுவான், அவன் சொன்னா சொன்னதுதான்னாங்க. டாக்டரும் பத்து நிமிஷம் பார்த்தாரு. அதுக்கு மேல முடியல."

அவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தான். "கடைசி வரைக்கும் உங்களைக் கிண்டல் பண்றதை விடல. ஊசி போடறப்பக் கூட, 'வந்ததும் கேளுடா, எத்தனை பர்சென்ட் மிச்சம் வெச்சிருக்கான்னு'ன்னாங்க."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவி தலையைத் தூக்கினாள். அக்கா மகன் பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தீர்ந்துபோச்சுப்பா" என்றார். "ஒண்ணுமே மிச்சமில்ல."

மனைவி மடியிலிருந்த நீல ஃபைலைத் திருப்பிக் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.